பனிக்கட்டிக்காரனின் கடவுச்சொல்

தூக்கம் வருகிற மாதிரி வந்து, கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டது. இஞ்ஞாசி வலது பக்கம் புரண்டான். ஜன்னலில் கட்டியிருந்த பழைய சேலைக்கு மேலே விரல் அகலத்துக்கு ஒரு சந்து. அதன் வழியாக வெயில் இறங்கிச் சுவரில் கோடு கிழித்திருந்தது. இடது பக்கம் புரண்டான். அடுத்த அறையில் மனைவி அமலோற்பவத்தின் தையல் மெஷின். கடகடவென்று ஓடும், நிற்கும், துணியைத் திருப்புவாள், மறுபடி ஓடும். ராத்திரி முழுக்க ஐஸ் பிளாண்டில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா, இருபத்திரண்டு வருஷமாகப் பகலில் தூங்கிப் பழகினவன், பக்கத்து வீட்டில் கல்யாண மேளம் கொட்டினாலும் தூங்குகிறவன். இன்றைக்கு மட்டும் மெஷின் நிற்கிற இடத்தில்தான் விழிப்புத் தட்டுகிறது. ஓடும்போது இல்லை, நிற்கும்போது. நின்றால் அவள் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது, அவன் புரளுவதை, பெருமூச்சு விடுவதை, ஒருவேளை நினைப்பதையும். மூக்குக்குள் இன்னும் அம்மோனியா வாடை. சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது, அது மூக்கில் இல்லை, மூளையில் ஒட்டிக்கொண்டது என்று மச்சான் சொல்வான். மச்சான். பார், எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. மணி ஒன்பதே கால். பன்னிரண்டுக்குள் சொல்லியாக வேண்டும்.

காலையில் ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் ஜெசிந்தா தன் கடை வாசலிலேயே சைக்கிளை மறித்துவிட்டாள். ஜெராக்ஸ் எடுப்பாள், சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள், மரக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வலைத்தளம் கட்டிக் கொடுப்பாள். "அண்ணாச்சி, எத்தனை நாளைக்கு ஓசி வீட்டுல இருக்கப் போறீய? போன மாசம் பூட்டுப் போட்டானே, மறந்துட்டீயளா?" என்றாள். மறக்கிற பூட்டா அது. பதினாறு வருஷமாகப் பனிக்கட்டிக்காரன் என்ற பேரில் அவன் எழுதிவருகிற வலைப்பூ, இருநூற்றுப் பதினான்கு பதிவு, இலவசமாக இடம் கொடுக்கிற ஒரு சேவையில்தான் கிடக்கிறது. போன மாதம் ஒரு நாள் திறந்தால் வெள்ளைத் திரை, நடுவில் இரண்டு வரி, விதியை மீறியதால் முடக்கப்பட்டுள்ளது. என்ன விதி, எந்தப் பதிவு, ஒன்றும் கிடையாது. அறுத்துப் போட்ட சுறா படம் ஒன்று போட்டிருந்தான், அதில் ரத்தம் தெரிந்தது, அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாரிடம் போய்க் கேட்பது? ஆபீஸ் உண்டா, கதவு உண்டா, கும்பிட்டுக் கேட்க ஒரு வாட்ச்மேனாவது உண்டா? இரண்டு நாள் கழித்துத் தானாகவே திறந்தது. மன்னிப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளவும் என்று மட்டும் ஓர் அறிவுரை. அவன் மாற்றவில்லை. "சொந்தப் பேரு, சொந்த இடம்னா எவன் வந்து பூட்டுவான்?" என்றாள் ஜெசிந்தா. "பனிக்கட்டிக்காரன்ங்கிற பேரை இன்னும் யாரும் எடுக்கல, நேத்துதான் பாத்தேன். இன்னைக்கு மத்தியானம் நாலு கடைக்குச் சேத்துப் பதியுதேன். உங்களுதையும் அதுல போட்டுட்டா ஒரே வேலை. யார் பேர்லன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க." "யார் பேர்லன்னா?" என்றான். அவள் சிரித்தாள். "ராத்திரிப்பூரா ஐஸுக்குள்ள இருந்து மூளையும் கட்டியாயிட்டா? உங்க பேர்லதான். பன்னிரண்டு மணிக்குள்ள ஒரு போன் போடுங்க, அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது."

இலவசத்தில் என்ன குறை. ஒன்றும் இல்லை, எல்லாமே குறை. நம் வீட்டுச் சுவரில் அவன் விளம்பரம் ஒட்டுவான், நாம் கேட்கக் கூடாது. திடீரென்று ஒருநாள் கடையைக் கட்டினாலும் கட்டுவான். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் பனைமரத்தைப் பற்றி முந்நூறு பதிவு போட்டிருந்தார், வேறொரு ஓசி இடத்தில். அந்த இடத்தையே இழுத்து மூடிவிட்டார்கள், முந்நூறும் போச்சு. பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி எல்லோருக்கும் கடிதம் போட்டார், யாராவது நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று. சரி, சொந்த இடம். அதில் என்ன குறை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் மறந்தால் பேரை வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்ச் சூதாட்டப் பக்கம் வைப்பான். உயிரோடு இருக்கிறவரை சரி, செத்துப்போனால் யார் கட்டுவார்கள்? அமலோற்பவமா? புருஷனுக்குப் பூசை வைக்கவே அவள் யோசிப்பாள், வலைப்பூவுக்குக் கட்டுவாளாக்கும். ஓசி இடமென்றால் செத்த பிறகும் கிடக்கும், எவனோ மறந்துபோன கிட்டங்கிக்குள் மூட்டை கிடக்கிற மாதிரி. அப்போது எது சொந்தம், எது இரவல்? எழுதினவன் போன பிறகும் நிற்கிறது இரவல் இடம், எழுதினவனோடு விழுகிறது சொந்த இடம். இதைக் கேட்டால் ஜெசிந்தா சிரிப்பாள். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனுஷன் பட்டப்பகலில் படுத்துக்கொண்டு யோசிக்கிற காரியமா இது. ஆனால் அவனுக்குத் தெரியும், யோசிக்கிறது இதை அல்ல. இதைச் சுற்றிச் சுற்றி ஓடினால் அந்த இன்னொன்றை மிதிக்காமல் தப்பலாம் என்றுதான் ஓடுகிறான். யார் பேர்ல. அந்த இரண்டு வார்த்தை முள் மாதிரி ஏறிவிட்டது.

பனிக்கட்டிக்காரன் என்பது ஒரு ஆள் இல்லை. வாசிக்கிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. ஆரம்பித்தது இரண்டு பேர். பிளாண்ட் ஆபீசில் முதலாளி தூக்கிப் போடச் சொன்ன ஒரு பழைய கம்ப்யூட்டர். அதை உயிர்ப்பித்து, தமிழ் எழுத்து எந்தக் கட்டையில் இருக்கிறது என்று அச்சடித்த தாளை மேஜையில் ஒட்டிவைத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி இஞ்ஞாசி தானாகவே படித்துக்கொண்டான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அடித்ததைத் தெரியாமல் அழித்துவிட்டு அழுததும் உண்டு. மீன்பிடிப் போட்டுக்கு ஐஸ் ஏற்ற வருவான் சில்வெஸ்டர், அமலோற்பவத்தின் அண்ணன். உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகர அச்சைத் தூக்கி, சாதாத் தண்ணீரில் முக்கி, ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறவரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சும்மா இருக்க மாட்டான், பேசுவான். கடலைப் பற்றி. எந்தக் காற்றுக்கு எந்த மீன், வலை கிழிந்த அன்று யார் யாரை என்ன திட்டினார்கள், வெளிச்சமே இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படித் தானாக மினுங்கும். "இதையெல்லாம் எழுதினா என்ன மாப்ள?" என்றான் ஒருநாள். "நீரு எழுதும், நான் சொல்லுதேன்." அப்படித்தான் கணக்குத் தொடங்கினார்கள். பேர் வைத்தது இருவரும் சேர்ந்து. கடவுச்சொல் சில்வெஸ்டர் போட்டின் பேரும் அதன் பதிவெண்ணும். ஐஸ் பற்றி வந்தது, பிளாண்ட் பற்றி வந்தது, பகல் தூக்கம் பற்றி வந்ததெல்லாம் இஞ்ஞாசி. கடல் பற்றி வந்ததெல்லாம் சில்வெஸ்டர். சேர்த்து வாசிக்கும்போது ஒரே ஆள் கரையிலும் இருந்தான், கடலிலும் இருந்தான். வாசிக்கிறவர்கள் அதைத்தான் மெச்சினார்கள். இஞ்ஞாசி முழுசாகக் கடலுக்குப் போனதே கிடையாது. பதினேழு வயதில் ஒரு தடவை போனான், துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் குடல் வெளியே வந்துவிட்டது, பாதியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கடற்கரையில் பிறந்தவனுக்கு இதைவிட அவமானம் இல்லை. அதனால்தான் ஐஸ் பிளாண்டு.

மதுரையில் பதிவர் சந்திப்பு என்று அழைப்பு வந்தபோது சில்வெஸ்டர் கடலில் இருந்தான். அந்தக் காலத்தில் அடிக்கடி அப்படிக் கூடுவார்கள். முகம் தெரியாமல் ஒருவருக்கொருவர் பின்னூட்டம் போட்டுக்கொண்டவர்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சேர்ந்து, சட்டையில் புனைபெயரை எழுதி ஒட்டிக்கொண்டு, நீங்கதானா அது, நீங்கதானா அது என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். இஞ்ஞாசி பனிக்கட்டிக்காரன் என்று எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொண்டான். அதில் என்ன தப்பு, பாதி அவன்தானே. டீ குடிக்கிறபோது வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெரியவர் வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எஞ்சின் செத்துப்போய் மூன்று நாள் போட்டு தன் போக்கில் மிதந்ததைப் பற்றிய பதிவு, 'இழுத்த பக்கம்' என்று பேர், அதை அவர் மனைவிக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினாராம், ஆஸ்பத்திரியில். "அந்த மூணு நாள் எப்படி சார் இருந்தீங்க?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் இல்லை சார், என் மச்சான். ஒரே ஒரு வாக்கியம். வாய் திறந்தது. "பழகிருச்சு சார்" என்றான். பழகிருச்சு சார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அந்த இரண்டு வார்த்தையும் சாக மாட்டேன் என்கிறது. பிறகு மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போட்டார்கள், படம் எடுத்தார்கள், படத்தை எல்லோரும் தங்கள் பக்கத்தில் போட்டார்கள், கீழே ஒரு வரி: கடலோடி எழுத்தாளர் பனிக்கட்டிக்காரன். கரைக்கு வந்த சில்வெஸ்டர் எங்கேயோ அதைப் பார்த்துவிட்டான். சத்தம் போடவில்லை. ஐஸ் ஏற்ற வந்தவன் பார்களை எண்ணி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "கடல்ல போனது நானு, நனைஞ்சது நீரா வே?" அவ்வளவுதான். அடுத்த மாதம் கொச்சிப் பக்கம் ஆழ்கடல் போட்டுக்குப் போய்விட்டான். குடும்பமும் அங்கே. கல்யாணம், சாவு எதற்கு வந்தாலும் தங்கையைத்தான் பார்ப்பான். இஞ்ஞாசி ஒரு வாசல் வழியாக உள்ளே போனால் அவன் மறு வாசல் வழியாக வெளியே போவான்.

அதைவிடப் பயங்கரம் ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. அந்த மூன்று நாள் இஞ்ஞாசிக்கு ஞாபகம் இருக்கிறது. தட்டச்சு செய்தது அல்ல, அந்தப் போட்டில் இருந்தது. கை மரத்துப்போனது, தண்ணீர் கேனை ஆட்டிப் பார்க்கிறபோது அடியில் கேட்கிற சத்தம், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடினால் வருகிறது. குடலைப் புரட்டுகிறது கூட. எத்தனை தடவை திருத்தி, எத்தனை தடவை வாசித்து, எத்தனை பேருக்குப் பதில் எழுதியிருப்பான். பொய் சொன்னவனுக்குப் பொய் என்று தெரிந்தால் பாதிப் பாவம். தெரியாமலே போய்விட்டால்? மச்சான் போன பிறகு இஞ்ஞாசி தனியாகத்தான் எழுதினான், பிளாண்ட், பகல், வெயில், தெரு நாய். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடலைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். எழுத ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது. மெஷின் நின்றது. இஞ்ஞாசி மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஓடியது. விட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பதிவுப் பட்டியலைத் திறந்தால், வரைவுகள் இருக்கிற இடத்தில் அவன் எழுதாத ஒரு வரைவு. தலைப்பு 'ஐஸ்'. உள்ளே நாலு வரி. யாரோ திருடன் கணக்குக்குள் புகுந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தான். வாசித்தான். முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே ஓட்டமாக இருந்தது. "பதினோராம் நாள் அடி ஐஸை ஒடச்சோம் எந்த ஊரு ஐஸா இருந்தாலும் ஒடையுற சத்தம் ஒண்ணுதான் நம்ம பிளாண்டுல கேட்ட மாதிரியே இருந்துச்சு." நம்ம பிளாண்டு. வேறு யார் இப்படி எழுதுவான். எழுதத் தெரியாதவன் போனை வைத்துத் தானாகவே தட்டப் பழகியிருக்கிறான், கடவுச்சொல்லை மறக்காமல் வைத்திருக்கிறான், பிளாண்டுக்காரன் கடலைப் பற்றி எழுதினதுக்குப் பதிலாகக் கடல்காரன் ஐஸைப் பற்றி எழுதுகிறான். வெளியிடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. இருபது நாளைக்கு ஒருதரம், போட்டு கரைக்கு வருகிற நாளில், தேதி மாறும், இரண்டு வரி கூடியிருக்கும். இஞ்ஞாசி பட்டியலை மட்டும் பார்ப்பான், கடைசியாகச் சேமித்த தேதியை. உள்ளே போனது மொத்தம் மூன்று தடவை. கை பட்டு ஓர் எழுத்து மாறினாலும் தேதி மாறிவிடும், பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் வர மாட்டான். பூனை பால் குடிக்கிறபோது வீட்டுக்காரன் அசையாமல் நிற்கிற மாதிரி. இதை ஜெசிந்தாவிடம் எப்படிச் சொல்ல. ஓசி வீட்டில் இருக்கிறேன் அம்மா, ஆனால் அதுக்கு இரண்டு சாவி, இன்னொரு சாவிக்காரன் இருபது நாளைக்கு ஒரு தடவை வந்து தின்பண்டம் வைத்துவிட்டுப் போகிறான், சொந்த வீட்டுக்கு மாறினால் அவன் பழைய வாசலில் வந்து நின்று ஏமாந்து போவான். ஜெசிந்தா விவரமானவள், சொல்லியிருக்கிறாள்: புது இடத்துக்குக் கொண்டுபோகிறபோது அது ஒரு கேள்வி கேட்கும், பழைய பதிவுகளை யார் பேரில் சேர்க்க? ஒருவர் பேரா, பிரித்தா? எல்லாம் ஒரே பேர்தானே அண்ணாச்சி, ஒரே அமுக்கு, முடிஞ்சுது. ஒரே அமுக்கு. பதிவர் சந்திப்பில் சொன்னதை இன்னொரு தடவை, இந்தத் தடவை பத்திரம் பதிந்து சொல்கிற மாதிரி.

மெஷின் நின்றது. இந்தத் தடவை ஓடவில்லை. அமலோற்பவம் வாசலில் நின்றாள், கழுத்தில் அளவு நாடா தொங்க. "தூங்காம என்னத்த உருளுதீய? பாய் நூலா போயிரும்." "தூக்கம் வரல." "வராது. மனசுக்குள்ள கம்ப்ரசர் ஓடுதுல்லா." அவன் சுவர்ப் பக்கம் திரும்பினான். அவள் போகவில்லை. "ஜெசிந்தா என்கிட்டயும் சொன்னா. புதுசா எடுக்கப் போறீயளாமே." "யோசிக்கேன்." "நல்லா யோசிங்க. நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள உலகம் அழிஞ்சிரும்." நாடாவைச் சுருட்டினாள், விரித்தாள். "அண்ணன் நேத்து கரைக்கு வந்திருக்கு. இப்பத்தான் பேசிச்சு." இஞ்ஞாசி கூரையைப் பார்த்தான். "என்ன சொன்னாரு?" "என்ன சொல்லும், வழக்கம்போலத்தான். மாப்ளைக்கு உடம்பு எப்படின்னு கேக்கும், கேட்டேன்னு சொல்லிராதன்னும் சொல்லும். நீங்க அண்ணன் வந்துட்டாரான்னு கேப்பீய, கேட்டேன்னு சொல்லிராதம்பீய. பன்னிரண்டு வருஷமா ரெண்டு எருமைக்கு நடுவுல நான் ஒரு தபால்காரி." "எருமைங்காத." "பின்ன, குருவியா?" போய்விட்டாள். போகிறபோது முணுமுணுத்தாள், போனை வச்சிட்டு எழுதப் போறேன்னிச்சு, அதுவும் உங்களமாரி ஆயிட்டு, எழவெடுத்த எழுத்து.

எழுதப் போறேன்னிச்சு. இஞ்ஞாசி எழுந்து உட்கார்ந்தான். மணி பதினொன்றே கால். தலைமாட்டில் கிடந்த லேப்டாப்பைத் திறந்தான். வரைவுகள். 'ஐஸ்'. சேமித்தது இரண்டு நிமிஷத்துக்கு முன். இரண்டு நிமிஷம். கொச்சியில் எங்கேயோ, படகுத்துறைத் திண்டிலோ டீக்கடை பெஞ்சிலோ உட்கார்ந்து, இதே பக்கத்துக்குள், இப்போது இருக்கிறான். உள்ளே போனான். நாலு வரி இப்போது இரண்டு பக்கம் ஆகியிருந்தது. வாசிக்க முடியவில்லை, எழுத்து அலைந்தது. கடைசி வரிக்குக் கீழே போய், யோசிக்க விடாமல், தட்டினான்: "மச்சான், நான் இஞ்ஞாசி. வீடு மாத்தப் போறேன். உமக்கும் ஒரு சாவி." சேமித்தான். காத்திருந்தான். வெளியே மீன்காரி சாளை சாளை என்று கூவிக்கொண்டு போனாள். பக்கத்தைப் புதுப்பித்தான். தட்டின வரி இல்லை. அந்த இடத்தில் மச்சானுடைய புது வரி ஒன்று இருந்தது: "ஐஸு தீந்த மறுநாள் யாரும் பேசிக்கிடல." படித்துவிட்டு அழித்துவிட்டானா? அப்படித்தான் இருக்கும், அழிக்காமல் என்ன செய்வான், தண்டனை வேண்டாமா. மறுபடி தட்டினான், "மச்சான்" என்று மட்டும். சேமித்தான், புதுப்பித்தான். இல்லை. இன்னொரு வரி மட்டும் கூடியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. மச்சான் பார்க்கவே இல்லை. அவன் போனில் திறந்திருப்பது பழைய பக்கம். அவன் சேமிக்கிறபோது அவன் பக்கம் இதன்மேல் விழுகிறது, இஞ்ஞாசியின் வரி போகிறது. அப்படியானால் இஞ்ஞாசி சேமிக்கிறபோது? அந்த நொடியில் மச்சான் எழுதினது போகும். பின்னால் சேமித்தவன் முன்னால் சேமித்தவனை அழிப்பான். ஒரே பேரில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அது அப்படித்தான், கணக்குக்கு இரண்டு ஆள் இருப்பதே தெரியாது. இப்போது அவன் மூடிவிட்டுப் போய், கடைசியாக என் கை படிந்திருந்தால்? ஒரு வரி போயிருக்குமா? எந்த வரி? லேப்டாப்பை மூடினான், சூடான சட்டியிலிருந்து கையை எடுக்கிற மாதிரி. மூடினால் போதுமா? திறந்து, கணக்கிலிருந்தே வெளியேறி, மறுபடி மூடினான்.

"அமலா, உன் போனைக் கொடு." அவள் ஏன் என்று கேட்கவில்லை, ஊசிக்கடியில் துணி கிடக்க அப்படியே எழுந்து கொடுத்தாள். மணி போனது. மூன்று தடவை போனது. "என்ன அமலா, இப்பத்தான பேசுன?" பின்னால் எஞ்சின் சத்தம், மலையாளத்தில் யாரோ யாரையோ வைகிறார்கள். "நான்தான்" என்றான் இஞ்ஞாசி. "மச்சான், நீரு உள்ள எழுதிக்கிட்டு இருக்கீரு. நானும் உள்ள இருந்தேன், தெரியாம மேல மேல சேமிச்சிட்டேன். இப்ப வெளிய வந்துட்டேன். நீரு ஒருதரம் நல்லாப் பாத்துச் சேமியும்." "எத்தன நாளா பாக்கீரு?" "ரெண்டு வருஷமா." "களவாணி." "நீரும்தான்." சிரித்த மாதிரி இருந்தது, இருமினதாகவும் இருக்கலாம். "எல்லாம் இருக்கு வே. ஒண்ணும் போகல" என்றான். இஞ்ஞாசி சுவரில் சாய்ந்துகொண்டான். வேகமாகச் சொன்னான், மெதுவாகச் சொன்னால் நின்றுவிடும். "சொந்தமா ஒரு இடம் எடுக்கேன். ரெண்டு பேரு, ரெண்டு கடவுச்சொல்லு. பழசையெல்லாம் பிரிக்கணும். உம்மோடதெல்லாம் உம்ம பேர்ல வரும். சில்வெஸ்டர்னு. எல்லாரும் பாக்கட்டும்." "எல்லாம்னா?" "எல்லாம். இழுத்த பக்கமும்." "ஓ" என்றான் சில்வெஸ்டர். வைகிறவர்கள் ஓய்ந்திருந்தார்கள். "அதுல கடைசில ஒண்ணு வரும்லா மாப்ள. கிழவன் ஒருத்தன் ஐஸ் துண்டை வாயில போட்டுக்கிட்டு, கரையுற வரைக்கும் நான் சாவமாட்டேம்பான்." "ஆமா." "அது நான் சொல்லல வே." இஞ்ஞாசிக்கு விளங்கவில்லை. "நீருதான் சொன்னீரு." "ரெண்டாம் நாளே ஐஸ் தண்ணியாப் போச்சு. மூணாம் நாள் போட்டுல ஐஸு ஏது? கிழவனும் கிடையாது, எல்லாம் வாலிபப் பயலுவ. அதை வாசிச்சப்ப எனக்கு வந்துச்சு பாரும் ஆத்திரம், துண்டு போட்டதுக்குக்கூட அம்புட்டு வரல. ஏன்னா, அந்த மூணாம் நாளு அப்படி ஒரு கிழவன் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." பிறகு பேச்சை மாற்றினான். "நாளைக்கு மறுநாள் திரும்பக் கடலுக்கு இறங்குதோம். சாவியை அமலாகிட்ட சொல்லும்." "என்கிட்டயே கேளும்." "சரி. உம்மகிட்டயே."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜெசிந்தாவே கூப்பிட்டாள். "என்ன அண்ணாச்சி, ஓசியா, சொந்தமா?" "சொந்தம். எழுதுறவங்க ரெண்டு பேருன்னு போடு." "ரெண்டாவது யாரு?" "முதல்ல இருந்தே இருந்த ஆளு. சில்வெஸ்டர்." அப்படியா சங்கதி என்றாள். சட்டையில் எழுதி ஒட்டின பேர் கழன்று விழுகிற சத்தம் அதுதான் போலிருக்கிறது, நினைத்த அளவுக்கு இல்லை. "சரி, இடத்தை யார் பேர்ல பதிய? ஒருத்தர் பேர்லதான் முடியும்." இஞ்ஞாசி தலையைத் தூக்கிப் பார்த்தான். "அமலோற்பவம் பேர்ல." "எனக்கு எதுக்குய்யா அந்த எழவு?" என்றாள் மெஷினுக்குப் பின்னாலிருந்து. "வீடுன்னா பொம்பள பேர்ல பதியுறதுதான" என்றான். "அப்ப கேட்டுக்கோங்க, மறுபடி மூஞ்சியத் தூக்குனீயன்னா ரெண்டு எருமையையும் வெளிய தள்ளிப் பூட்டிருவேன்" என்றாள், ஆனாலும் எழுந்து ஆதார் அட்டையைத் தேடப் போனாள். அவன் படுக்கவில்லை. அவளுடைய அளவு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, லேப்டாப்பைத் திறந்து, முதல் பதிவிலிருந்து எழுத ஆரம்பித்தான். இது என்னுது. இது அவரோடது. இது அவரோடது. இதுவும். எழுதுகிறபோது ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக யாரோ அவனை விட்டு எழுந்து போனார்கள், காற்றும் வலையும் மினுங்குகிற தண்ணீரும். மத்தியானத்து மணி அடித்து ஓய்ந்தது. 'இழுத்த பக்கம்' வந்தது. அதைத் திறந்து முதலிலிருந்து வாசித்தான், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வேறொருவன் எழுதினதை வாசிக்கிற மாதிரி. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், தண்ணீர் கேன், மரத்துப்போன கை, எல்லாம் சில்வெஸ்டர். கிழவன் வந்தான். ஐஸை வாயில் போட்டுக்கொண்டான். கடலில் எந்தப் படகிலும் இல்லாத, எந்தக் கரையிலும் இறங்காத அந்தக் கிழவனை இஞ்ஞாசி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பேனாவை எடுத்து, அந்த வரிசையில் முதலில் அவரோடது என்றும், பக்கத்திலேயே, சின்னதாக, என்னுது என்றும் எழுதினான்.